கவிழ்த்த தூக்கும் ஏழாவது கேள்வியும்

1

சென்ற வாரம் எங்கள் அஞ்சல் பெட்டியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கையேடு கிடந்தது. நகராட்சி அனுப்பியது. புது வகைக் காய்ச்சல் ஒன்று மறுபடியும் உலகைச் சுற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு வீடும் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். காய்ச்சல் இன்னும் வரவில்லை. வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. இந்த நாட்டுக்காரர்கள் அப்படித்தான். மழை வரும் முன்பே பையில் குடை இருக்கும். குடை உடைந்தால் போட்டுக்கொள்ள ஒரு மழைச்சட்டையும் அதே பையில் இருக்கும்.

நான் பதினேழு வருடமாக நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்தில் இருக்கிறேன். என் பெயர் லூர்து. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் தெருவில் பிறந்தவள். கணவர் அமல் கப்பல் எஞ்சின் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர். நான்கு வயதுப் பிள்ளைகள் தினமும் என் நார்வேஜிய உச்சரிப்பைத் திருத்துகிறார்கள். எங்கள் மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது. தமிழ் நன்றாகப் புரியும். ஏதாவது வேண்டுமென்றால் பேசவும் வரும்.

கையேட்டில் ஒரு பட்டியல் இருந்தது. குடிதண்ணீர், காய்ந்த ரொட்டி, டப்பாவில் அடைத்த மீன், காய்ச்சல் மாத்திரை, முகக்கவசம், சோப்பு, பேட்டரியில் ஓடும் ரேடியோ. ஒரு வாரம் யாரும் கடைக்குப் போகாமல் வீட்டோடு கிடக்க வேண்டி வந்தால் போதுமான அளவு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஜெனி பேனாவோடு சமையலறை அலமாரியைத் திறந்தாள். இரண்டு மூட்டை புழுங்கலரிசி, துவரம்பருப்பு, புளி, மோர்மிளகாய், வடகம், மூன்று வகை வத்தல், பால்கனியில் பூட்டி வைத்த கருவாடு. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நார்வேஜியத்தில் சொன்னாள்: "அம்மா, நாம் எப்போதுமே கொள்ளைநோய்க் காலத்தில்தான் வாழ்கிறோம் போலிருக்கிறது."

அமல் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அதே கையேட்டோடு வந்த இன்னொரு தாளைப் பார்த்தபோது நின்றது. அது எங்கள் அடுக்குமாடிக் குழு அனுப்பிய படிவம். ஒவ்வொரு வீடும் நிரப்பித் தர வேண்டும். ஏழாவது கேள்வி இது: நீங்கள் நோயுற்று, ஒரு நாள் முழுக்க அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருந்தால், உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வரப்போகிறவர் யார்? உங்கள் வீட்டிலேயே வசிப்பவராக இருக்கக் கூடாது.

ஜெனி யோசிக்காமல் ஆம்புலன்ஸ் எண்ணை எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. குழுச் செயலாளர் ஓரத்தில் பென்சிலால் மரியாதையாக எழுதியிருந்தார். எண் வேண்டாம், ஒரு மனிதரின் பெயர் வேண்டும்.

பதினேழு வருடம் இருந்த ஊரில் அந்த ஒரு வரிக்கு என்னிடம் பெயர் இல்லை. ஊரில் கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். மேரியக்கா.

2

புரட்டாசி பிறந்தாலே எங்கள் தெரு அடைமழைக்குத் தயாராக ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் எங்கே உடையும், பாலம் எப்போது முழுகும் என்று சொல்ல முடியாது. கும்பகோணம் பஸ் நாலைந்து நாள் வராமல் போவது சகஜம். அதனால் வரட்டியும் விறகும் தார்ப்பாய்க்கு அடியில் ஏறிவிடும். அம்மா ஒரு டப்பாவில் சுக்கு, மிளகு, திப்பிலி என்று தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, மேலே சாக்பீஸால் பெயர் எழுதி வைப்பார். அம்மா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதுவது அவர் வழக்கம். நகராட்சிக் கையேட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சாக்பீஸ் எழுத்துதான் நினைவுக்கு வந்தது. அம்மாவை இங்கே அழைத்து வந்திருந்தால் இன்னும் சுருக்கமாக எழுதித் தந்திருப்பார்.

காய்ச்சலுக்கும் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு தெருக்களில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாத குறையும் தெரியக் கூடாது. காலையில் யாராவது ஒருவர் ஒரு தூக்கில், அதாவது கைப்பிடியும் மூடியும் உள்ள அந்தச் சிறு பாத்திரத்தில், கஞ்சியோ ரசஞ்சாதமோ கொண்டுவந்து வாசற்படியில் வைத்து, பெயர் சொல்லி ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பவர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தூக்கைக் கழுவி அதே படியில் கவிழ்த்து வைக்க வேண்டும். கோயிலில் மத்தியான மணி அடிக்கும்போது தூக்கு கவிழ்ந்திருந்தால் ஆள் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். மூடி திறக்காமல் அப்படியே இருந்தால், என்ன நோய் ஏது நோய் என்று பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். போக வேண்டியவர் தூக்கு வைத்தவர்தான். அதனால் தூக்கு வைக்க ஒத்துக்கொள்வதே பெரிய சம்மதம்.

ஏழு வயதில் எனக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. எங்களுக்குத் தூக்கு வந்தது அடுத்த வீட்டிலிருந்து. கொண்டுவந்தது அந்த வீட்டுப் பெண் ஆரோக்கியமேரி, எனக்குப் பத்து வயது மூத்தவர், அம்மாவிடம் படித்தவர். "லூர்து, தூக்கு வச்சிருக்கேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நொய்க்கஞ்சியும் பருப்புத் துவையலும். அந்தத் துவையலின் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. சாப்பிட்டதும் தூக்கைக் கவிழ்க்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருப்பேன். மணி அடித்ததும் மேரியக்கா வருவார். தூக்கை எடுத்து, ஜன்னல் பக்கம் பார்க்காமலேயே, "நல்லா கழுவியிருக்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவ்வளவுதான் அந்த வழக்கம். ஒரு பாத்திரம், ஒரு மணி, ஒரு ஆள். அதை நான் ஒருமுறை கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வருகிறேன்.

3

கொரோனாவின் இரண்டாம் அலையில் அம்மா ஊரில் தனியாக இருந்தார். அப்பா அதற்குப் பல வருடம் முன்பே தவறிவிட்டார். விமானம் கிடையாது. நான் செய்யக்கூடியது போன் செய்வது மட்டும்தான். அதை அளவுக்கு மீறிச் செய்தேன். நாளுக்கு மூன்று முறை அம்மாவிடம் பேசி, கதவைச் சாத்து, கையைக் கழுவு, யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே தொலைக்காட்சியில் சொல்வதையெல்லாம் தமிழில் அங்கே அனுப்பும் தபால் ஆபீசாக ஆகிவிட்டேன்.

மேரியக்காவுக்கும் போன் செய்தேன். அவர் அப்போது நடவுக்கு ஆள் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். குறுவை நடவு நேரம். பிள்ளைகள் இருவரும் திருப்பூரில். கணவர் இல்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், காலையில் வயலுக்குப் போகும் முன் தூக்கு வைப்பதாகச் சொன்னார்.

"வைங்கக்கா. ஆனா வாசலோட வச்சுட்டு வந்துருங்க. எது நடந்தாலும் உள்ள மட்டும் போகாதீங்க."

"எது நடந்தாலுமா?"

"எது நடந்தாலும். எனக்கு சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் பண்ணவில்லை. "சரி லூர்து" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததை அம்மா என்னிடம் மறைத்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். இரண்டு நாள் தூக்கு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வயலிலிருந்து வந்து பார்த்தபோது மூடி திறக்கவில்லை. அக்கா வாசலில் நின்று டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டிருக்கிறார். பிறகு எனக்கு போன் செய்திருக்கிறார், ஒன்றல்ல, நாலு தடவை. மழலையர் பள்ளியில் எங்கள் போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எனக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். என்னிடம் சொன்ன அந்தச் 'சரி'க்காக அங்கே நின்ற நேரம் அது. அதன் பிறகு கொல்லைப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அம்மா அடுக்களைத் தரையில் கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் நான் போனை எடுத்துப் பார்த்து, பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்.

"நாலு தடவ போட்டேன், நீ எடுக்கல. தூக்கு தொறக்கல லூர்து. அதான் உள்ள போயிட்டேன்."

நான் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"யார கேட்டுக்கிட்டு உள்ள போனீங்க? படிச்சுப் படிச்சு சொன்னேன்ல. நாலு ஊரு சேத்துல எறங்கிட்டு வர்ற ஆளு நீங்க. நீங்கதான் கொண்டாந்து ஒட்ட வச்சிருப்பீங்க."

அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ உறுமும் ஒலி கேட்டது.

"டீச்சருக்கு ஆக்சிஜன் வச்சிருக்காங்க. கண்ண தொறந்துட்டாங்க. நீ பதறாத" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டார்.

அம்மா பத்து நாளில் வீடு திரும்பினார். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அம்மாவே சொன்னார். காய்ச்சல் மூன்று நாளாக இருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் அம்மா பிழைத்தது, நான் சொன்னதைக் கேட்காத ஒருவரால். அந்த ஒருவர் பிறகு இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தார். நான் அவருக்குப் போன் செய்யவில்லை. இன்று செய்யலாம், நாளை செய்யலாம் என்று தள்ளிப் போட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் நாள்பட்டால் பழக்கமாகிவிடுகிறது.

4

அதன் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தேன். இரண்டு முறையும் மேரியக்காவுக்குப் புடவை, போர்வை, சாக்லேட் என்று பை நிறையக் கொண்டுபோனேன். கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், சிரித்தார். அந்த நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை.

முன்பெல்லாம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுக்களைக்குப் போய் மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்ப்பார். நான் போனபோது படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும் லூர்து. காலெல்லாம் சேறு. இங்கேயே நிக்கிறேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்துவிட்டு, கஞ்சி மொடமொடக்கும் சேலையில் வந்திருந்தார். பாதத்தில் ஒரு தூசு இல்லை.

எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் நான் ஒரு தட்டில் கேக்கை வைத்துப் படியில் நீட்டினேன்.

5

ஏழாவது கேள்வியோடு படிவம் திரும்பி வந்த அன்று அம்மாவிடம் பேசினேன். புலம்பலாகத்தான் ஆரம்பித்தேன். இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் வானிலையைத் தவிர எதுவும் பேச முடியாது, அவரிடம் போய் என் வீட்டுச் சாவியை எப்படிக் கொடுப்பது என்று.

"எங்க தெருவுக்கும் அதே மாதிரி தாள் வந்திருக்குடி" என்றார் அம்மா. "நர்சம்மா வந்திருந்தா. சின்னப் பொண்ணு, கெட்டிக்காரி. கோயில் கொட்டகையில எல்லாரையும் உக்கார வச்சு, கோழி வளக்கறவங்க கைய கழுவுங்க, இருமினா முழங்கையில இருமுங்கன்னு சொல்லிக் குடுத்தா. தனியா இருக்கறவங்க பட்டியல எழுதச் சொல்லி எங்கிட்டயே குடுத்துட்டா."

"ஒங்கிட்டயா?"

"என் கையெழுத்துதான் தெருவுலயே தேவலையாம். நம்ம தூக்கு வழக்கத்தப் பத்தி சொன்னேன். ரெண்டு தடவ கேட்டுக்கிட்டா. டீச்சர், இதையே எழுதிக்குங்க, இதவிட நான் என்ன புதுசா சொல்லப் போறேன்னுட்டா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா தெருவில் தனியாக இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் தூக்கு வைப்பவர் பெயரை எழுதியிருக்கிறார். தன் பெயருக்கு எதிரில் மேரி. மேரியின் பெயருக்கு எதிரில் தன் பெயர்.

"நீ எழுபத்தாறு வயசுல அவங்களுக்குத் தூக்கு வைக்கப் போறியா?"

"ஏன், கஞ்சி காய்ச்சத் தெரியாதா எனக்கு, கதவத் தட்டத் தெரியாதா?"

"அக்கா சரின்னாங்களா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் ஓசை கேட்டது. பதில் சொல்லக் கஷ்டமான கேள்விக்கு அம்மா எப்போதும் அப்படித்தான் செய்வார்.

"தூக்கு வைக்கிறேன் டீச்சர்னா. உள்ள போறதுக்கு மட்டும் லூர்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னா."

நான் படிவத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

"இன்னொன்னும் சொல்றேன் கேட்டுக்க" என்றார் அம்மா. "தினமும் சாயங்காலம் அவ இங்கதான் உக்காந்திருப்பா. ஒன் போன் அடிச்சா எழுந்து வாசப்பக்கம் போயிடுவா. பேசி முடிச்சப்புறந்தான் உள்ள வருவா. அஞ்சு வருஷமா இப்படித்தான். நீ பாத்ததில்ல. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ சொல்லக் கூடாதாம்மா அவங்ககிட்ட?"

"நான் எதுக்குடி சொல்லணும்? பேசினது நானா?"

டீச்சர் என்றால் டீச்சர்தான். வைத்துவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே எண்ணம். நாளைக்கே ஒரு காய்ச்சல் வந்து, ஒரு நாள் அந்த மூடி திறக்காமல் இருந்தால், மேரியக்கா படியில் நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார்? என் போனுக்காக நிற்பார். என் போன் ஏதோ ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். வீட்டில் அரிசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, நான் வாங்கி அனுப்பிய ஆக்சிஜன் அளக்கும் கருவிகூட இருக்கிறது. உள்ளே வரும் ஆளைத்தான் நான் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

6

ஆனாலும் நான் முதலில் போனது எதிர் வீட்டுக்குத்தான். மன்னிப்புக் கேட்பதைவிடப் படிவம் நிரப்புவது சுலபம்.

எதிர் வீட்டில் இருப்பவர் இங்கெபோர்க். மாலுமி ஒருவரின் விதவை. எழுபத்தெட்டு வயது. பதினொரு வருடமாக எங்களுக்குள் மழையைப் பற்றி மட்டும் பேச்சு உண்டு. மழைக்கு இங்கே குறைவில்லாததால் பேச்சுக்கும் குறைவில்லை. இந்த மொழியில் மரியாதைப் பன்மை வழக்கொழிந்துவிட்டது. எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் கூசும். ஊரில் ஒரு "ங்க" சேர்த்தால் எந்தக் கேள்வியும் பணிவாகிவிடும். இங்கே அதற்குப் பதிலாக வாக்கியத்தையே வளைத்து வளைத்துப் பேச வேண்டும். பதற்றத்தில் என்னால் வளைக்க முடியாது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ நோயில் விழுந்தால் நான் உள்ளே வருகிறேன், நான் விழுந்தால் நீ வா" என்று போலீஸ்காரர் மாதிரி சொல்லிவிட்டேன்.

இங்கெபோர்க் புருவத்தை உயர்த்தினார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பதினொரு வருடத்தில் முதல் முறை. அவர் படிவமும் மேசையில்தான் கிடந்தது. அவருடைய ஏழாவது கேள்வியும் காலி.

"என் மகன் வேறு நகரத்தில் இருக்கிறான். இது அவனுக்கான கேள்வி அல்ல" என்றார். காப்பியை ஊற்றினார். "ஆனால் ஒன்று தெரிந்துகொள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் யாரையும் பக்கத்தில் விட மாட்டேன். என் சுபாவம் அது. கதவுக்குப் பின்னாலிருந்து போ என்று கத்துவேன். உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பேன். அப்போதும் உள்ளே வருவாயா?"

நான் வாயைத் திறந்தேன். வருவேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் வார்த்தை வரவில்லை. வராதே என்று சொல்லியும் உள்ளே வந்த ஒருவரை நான் என்ன பாடு படுத்தினேன் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே வைத்துக்கொண்டு இந்த அம்மாளிடம் வாக்குக் கொடுக்க எனக்கு நா எழவில்லை.

"அவசரமில்லை. யோசித்துச் சொல்" என்றார் இங்கெபோர்க். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

7

இதை எழுதும்போது இங்கெபோர்க்கின் தாளில் என் பெயர் இருக்கிறது. எங்கள் தாளில் அவர் பெயர். அவர் வீட்டுச் சாவி எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த தூக்கு ஒன்றை ஜெனி பரணிலிருந்து எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். அதன் விதிகளை இங்கெபோர்க்குக்கு விளக்கியதும் அவள்தான், என் நார்வேஜியத்தை நம்பாமல். குழுச் செயலாளர் படிவத்தை வாங்கிக்கொண்டார். அதெல்லாம் சனிக்கிழமைக்குப் பிறகு நடந்தது. சனிக்கிழமை காலையைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குக் காலை, அங்கே மத்தியானம். அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். குறுவை நடவு ஆரம்பித்துவிட்டது என்றார். மேரியக்கா வயலிலிருந்து வந்திருக்கிறார், இப்போதுதான் எழுந்து வாசலுக்குப் போனார் என்றார். சொல்லும்போது குரலை வேண்டுமென்றே உயர்த்தினார்.

"போனை அக்காகிட்ட குடும்மா."

திரையில் கூரை தெரிந்தது, பிறகு வெளிச்சம், பிறகு அக்காவின் முகம். தலையில் இன்னும் துண்டு கட்டியிருந்தார். கன்னத்தில் ஒரு பொட்டுச் சேறு காய்ந்திருந்தது.

"சொல்லு லூர்து. நல்லாருக்கியா? ஜெனி நல்லாருக்கா?"

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு."

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தார்.

"விடு. அஞ்சு வருஷம் ஆச்சு."

"விட முடியலக்கா. சேத்துல எறங்குறவங்கன்னு..."

"அதுக்கு நான் ஒன்னும் நெனைக்கல" என்று குறுக்கே சொன்னார். "சேத்துலதான் எறங்குறேன். எங்க ஆத்தாளும் எறங்குனா. அதுல எனக்கு என்ன. நாந்தான் கொண்டாந்து ஒட்ட வச்சேன்னு சொன்ன பாரு. அதான். ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். நெசமாவே நாந்தானோ, தூக்குலதான் போயிருக்குமோன்னு. எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்பவும் அதான் நெனப்பு. மாதாகிட்ட கேட்டேன். யார்கிட்ட கேக்குறது சொல்லு."

நான் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது, அவருக்கு என் மேல் கோபம் என்று. அவர் தன்மேல் ஒரு பழியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். அதை வைத்தவள் நான். எடுக்கக் கூடியவளும் நான்தான் என்று தெரியாமல், புடவை வாங்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"இல்லக்கா. உங்களால இல்ல. உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அம்மாகிட்ட இருந்து. அம்மாவுக்கு ரேஷன் கடை வரிசையில நின்னுட்டு வந்த வாரமே தொண்டை கட்டிடுச்சு. நீங்க தூக்கு வைக்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம். அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"அத நீ எங்கிட்ட சொல்லணும்ல லூர்து" என்றார்.

நான் அழுதேன். ஜெனி அறையிலிருந்து வந்து என்னைப் பார்த்து, என்னவென்று கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, அம்மா உங்க பேர எழுதியிருக்காங்களாம். நீங்க என்கிட்ட கேக்கச் சொன்னீங்களாம். கேக்கவே வேணாம். மூடி தொறக்கலன்னா உள்ள போங்க. அம்மா வேணாம்னாலும் போங்க. நான் போன்ல வேணாம்னு கத்தினாலும் போங்க."

"நீ கத்துவ."

"கத்துவேன். நீங்க போங்க."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பினார். திரை ஆடியது. நிலைப்படி கடந்தது, கூடம் கடந்தது, அடுக்களை விளக்கு தெரிந்தது. ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கேமரா கீழே சாய்ந்திருந்ததால் எனக்குத் தரைதான் தெரிந்தது. அம்மாவின் சிவப்புத் தரையில் வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் வரிசையாகச் சேற்றுக் கால்தடம்.

"ஏண்டி மேரி" என்று அம்மாவின் குரல். "இப்பத்தானே தரைய தொடச்சேன்."

"இன்னொரு தடவ தொடைங்க டீச்சர்" என்றார் அக்கா. "லூர்த கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."